இயங்கலையில் (ஆன்லைனில்) எஸ்.பி.எம். தமிழ் வகுப்பு: ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எஸ்.பி.எம். என்பது மலேசிய இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வு. அங்கே தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்க குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் சேர வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்வது அது. கோலாலம்பூரின் செராஸிலோ கெப்போங்கிலோ ஒரு பள்ளியில் ஒன்பது பேர்தான் தேறினால், அவர்களுக்கு மிஞ்சுவது பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு டியூஷன் மட்டுமே. அந்த ஒன்பது பேரோடு வேறு பள்ளிகளின் பிள்ளைகளையும் ஓர் ஆசிரியரிடம் சேர்த்துவிடுகிறது இயங்கலை வகுப்பு. இதன் முதல் நன்மையே இதுதான். மாலை ஆறு மணி ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் இருந்து தப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது நன்மை கட்டுரைத் திருத்தத்தில் தெரியும். வகுப்பறையில் சிவப்புப் பேனா ஒரு புத்தகத்தோடு நின்றுவிடும். திரையில் ஒருவரின் கட்டுரையைக் காட்டி, ‘அதை பற்றி’ ஏன் ‘அதைப் பற்றி’ ஆகிறது என்று விளக்கினால் எல்லாருக்கும் பாடம். (பெயரை மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.) பதிவு இருந்தால் தேர்வுக்கு முன் மறுபடி பார்க்கலாம். ஜூம் இலவசக் கணக்கில் கணினியில்தான் பதிய முடியும், கைப்பேசியில் முடியாது. வகுப்பு முடிந்ததும் மடிக்கணினியை உடனே மூடாதீர்கள். பதிவை வீடியோ கோப்பாக மாற்றும் வேலை பாதியில் நின்றால் வீடியோ திறக்காது. 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடுவது குறையாகத் தோன்றலாம். இரண்டு அமர்வாகப் பிரித்து இடையில் பத்து நிமிடம் விட்டால் அதுவே நல்லதாகிவிடுகிறது. 40 நிமிடத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் திரையைப் பார்ப்பதில்லை.

தட்டச்சில்தான் பெரிய சிக்கல். கைப்பேசி விசைப்பலகை சொல்லை ஊகித்துக் கொடுக்கும். ணகர னகரப் பிழை வெளியில் தெரியாது. தேர்வோ தாளில், கையெழுத்தில். அதனால் கட்டுரையைக் கையால் எழுதச் சொல்லி, கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வழியாக பிடிஎஃப் ஆக்கி வாங்குவதே சரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் புள்ளி எது, அழுக்கு எது என்றே தெரியாது. ஆவணமாக அனுப்பினால் அப்படியே வரும். எழுதும்போதே பார்க்க வேண்டுமானால், கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் கேமரா கீழ்நோக்கி இருக்குமாறு வைக்கலாம். வலக்கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும்.

ஒலிப்பில் வகுப்பறைக்கு ஈடில்லை. ளகரத்துக்கு நாக்கு மேலண்ணத்தைத் தொடும், ழகரத்துக்குத் தொடாமல் வளையும். இந்த வித்தியாசம் கேமராவில் படாது, காதுக்குத்தான் எட்ட வேண்டும். ஜூமின் பின்னணி இரைச்சல் அடக்கும் வசதி உச்சத்தில் இருந்தால் மெல்லிய ஒலிகளையும் தின்றுவிடும். அதைக் குறைந்த அளவுக்கு இறக்கி, மைக் உள்ள ஹெட்செட் போடச் சொல்லுங்கள். ஒரே அறையில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு வகுப்பில் இருந்தால் ஹெட்செட் இல்லாமல் முடியவே முடியாது.

இணைப்பைப் பொறுத்தவரை, அடுக்குமாடிக் கான்கிரீட் சுவருக்கு அப்பால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தளர்ந்துவிடும். அடுத்த அறைக்கு 2.4 போதும், முடிந்தால் லேன் கேபிள். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழையும் மின்தடையும் சேர்ந்து வரும் என்பதால், வகுப்பை இரவு எட்டு மணிக்கு வைப்பது நிம்மதி. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாற நேர்ந்தால் முதலில் வீடியோவை அணைத்துவிட்டு, ஆசிரியரின் குரலையும் திரையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது எல்லாரையும் நேரில் உட்காரவைத்து, கடிகாரம் வைத்து, ஒரு தாள் முழுக்க எழுதவைக்க வேண்டும். வீட்டில் எழுதும் பிள்ளைக்கு நேரம் எவ்வளவு போகிறது என்றே தெரிவதில்லை.