டீசல் டியூனிங் பாக்ஸ்: மாட்டி நாளான பிறகு தெரிபவை

மாருதி ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினுக்கு 75 பிஎஸ் பவர், 190 நியூட்டன் மீட்டர் டார்க். 2000 ஆர்பிஎம் வரை தூங்கும், அதற்கு மேல் துள்ளும். அந்தத் தூக்கத்தைக் கலைக்கத்தான் பலர் டியூனிங் பாக்ஸ் (சென்சாருக்கும் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டும் சிறு மின்னணுப் பெட்டி) தேடுகிறார்கள். கலையாது. டர்போ சுற்றாத இடத்தில் காற்று போதாது. டீசலை மட்டும் கூட்டினால் கறும்புகைதான் வரும். பாக்ஸின் பலன் தெரிவது 1800-க்கும் 3000-க்கும் நடுவில்தான். கியர் குறைக்காமல் நாலாவதிலேயே ஓவர்டேக் முடிந்துவிடும்.

காரணம் எளிய கணக்கு. இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரெயில் குழாயில் இருக்கும் பிரஷர் சென்சாரின் சிக்னலைப் பாக்ஸ் குறைத்துக் காட்டுகிறது. பிரஷர் போதவில்லை என்று ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) அதை ஏற்றுகிறது. இன்ஜெக்டர் அதே நேரம் திறந்திருந்தாலும் டீசல் கூடுதலாகப் பாய்கிறது. 0.5 வோல்ட்டில் பூஜ்ஜியம், 4.5 வோல்ட்டில் 1800 பார் காட்டும் சென்சார் என்று வைத்துக்கொண்டால், அரை வோல்ட் குறைப்பு 225 பார் ஏற்றம். பாயும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடும். ஆகவே 700 பாரில் ஓடும்போது சுமார் 15 சதவீதம் கூடும். 1400 பாரில் 8 சதவீதம்கூட வராது. பாக்ஸ் விளம்பரத்தில் சொல்லும் 25 சதவீதக் கூடுதலை உச்சத்தில் இந்த வழியில் மட்டும் எடுக்க 2200 பாருக்குப் பக்கம் வேண்டும். இந்த என்ஜினில் அதற்கு வழியே இல்லை. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரிலும் கை வைக்கும் இரட்டைச் சேனல் பாக்ஸ் இன்னும் கொஞ்சம் தரும், அவ்வளவுதான்.

மைலேஜ் விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ஈசியு தான் நம்பும் பிரஷரை வைத்தே செலவான டீசலைக் கணக்கிடுகிறது. அந்தப் பிரஷரே பொய் என்பதால், மாட்டிய அன்றே மீட்டரில் மைலேஜ் கூடித் தெரியும். வண்டியின் ஓபிடி போர்ட்டில் இணைத்து ஈசியு தகவலைக் காட்டும் மொபைல் ஆப்பில் பார்த்தாலும் அதே பொய்தான். ஒரே பங்கில், ஒரே பம்பில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். மூன்று டேங்க் சராசரியாவது பாருங்கள். ஹைவேயில் நிதானமாக ஓட்டினால் முன்பிருந்ததே வரும். புல்லிங்கை அனுபவித்து ஓட்டினால் குறையும்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. சாவியை எடுத்துப் பத்து நிமிடமாவது விட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ரெயிலின் முனையிலுள்ள மூன்று பின் கனெக்டரை லாக் அமுக்கி எடுத்து, இடையில் பாக்ஸ் ஒயரிங்கைச் செருக வேண்டும். ஒயர் டர்போ பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ போகக் கூடாது. என்ஜின் ஓடும்போது கனெக்டரைத் தொடவே கூடாது. பிறகு ஐடிலில் மல்டிமீட்டர் வைத்து, சென்சாரிலிருந்து வரும் சிக்னல், ஈசியுவுக்குப் போகும் சிக்னல் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேப் (லோடுக்கு ஏற்ப எவ்வளவு குறைத்துக் காட்டுவது என்ற அட்டவணை) உள்ள பாக்ஸ். லோடு ஏறினால்தான் வேலை செய்யும். ஐடிலிலேயே வோல்ட் குறைந்தால் உள்ளே வெறும் ரெசிஸ்டர்தான். ஐடில் நடுக்கமும் டீசல் தட்டும் சத்தமும் அதிலிருந்து வருபவை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

மேப்பைக் குறைந்த எண்ணில் தொடங்கி, புகை பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

நாள்பட முதலில் கேட்பது கிளட்ச். ஐந்தாவது கியரில் 1800 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலேட்டர் மிதித்தால், வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். பழைய கிளட்ச்சோடு பாக்ஸ் மாட்டுவது வீண் வேலை. அடுத்தது பி0087 என்ற பழுதுக் கோடு. ஈசியு கேட்கும் பிரஷரைப் பம்ப்பால் எட்ட முடியாதபோது வரும். மலை ஏற்றத்தில் வண்டி லிம்ப் மோடு எனும் பவர் குறைந்த பாதுகாப்பு நிலைக்குப் போய் இழுக்காமல் நிற்கும். பெரும்பாலும் அடைத்த டீசல் ஃபில்டர், இல்லையேல் தேய்ந்த பம்ப். ஃபில்டரை கம்பெனி சொல்லும் இடைவெளிக்கு முன்பே மாற்றுங்கள். புகைக்கரி கூடுவதால் புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வும் சீக்கிரம் அடையும், ஆயிலையும் சற்று முன்னதாகவே மாற்ற வேண்டும். பாக்ஸை விலக்கி ஒயரை நேராக இணைக்கும் பைபாஸ் பிளக் எப்போதும் டேஷ்போர்டில் இருக்கட்டும். வழியில் பாக்ஸ் செத்தால் அதைச் செருகி வீடு வந்து சேரலாம்.

டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள பிஎஸ்6 டீசலில் இந்த வேலையே வேண்டாம். கரி கூடினால் அதை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் அடிக்கடி நடக்கும், அப்போது டீசல் ஆயிலில் கலந்து டிப்ஸ்டிக் அளவு ஏறும். ஆயில் மெலிந்தால் அடி வாங்குவது பேரிங்கும் டர்போவும்.

புகைச் சோதனையில் பிஎஸ்4 டீசலுக்குப் புகை அடர்த்தி (கே மதிப்பு) வரம்பு 1.62. மேப் உச்சத்தில் இருந்தால் தேறுவது சந்தேகம். குறைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, அது அவரவர் மனசாட்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாட்டினால் கிளெய்ம் சமயத்தில் சிக்கல் வரலாம். வாரண்டி உள்ள வண்டியில், சர்வீஸுக்கு முன் கழற்றினாலும் பதிவான கோடு ஈசியுவில் இருக்கலாம்.