அகல நுனி கார்விங் ஸ்கீ: காலையில் கில்லாடி, மதியத்துக்கு மேல் மல்லுக்கட்டு

பனிச்சரிவில் சறுக்கி இறங்கக் காலில் மாட்டும் நீளப் பலகைதான் ஸ்கீ; அதன் மேல்பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும். என்னுடைய கார்விங் ஸ்கீயில் (பக்கவாட்டில் வழுக்காமல், சாய்த்த விளிம்பின் மேலேயே வளைவு போடும் வகை) 130-76-114. நுனியின் அகலம் 130 மில்லிமீட்டர், பூட்ஸ் நிற்கும் இடுப்பு 76, வால் 114. நீளம் 170 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 13 மீட்டர். வாங்கப் போகிற யாரும் நடு எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் இதைச் சில சீசன்களாக எல்லா வகைப் பனியிலும் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: முதல் எண்ணிலிருந்து நடு எண்ணைக் கழித்துப் பாருங்கள். இதில் 54 வருகிறது. இந்த ஸ்கீயின் நல்ல குணம், கெட்ட குணம் இரண்டும் அந்த 54-இல்தான் இருக்கின்றன.

என்னைப் பற்றி ஒரு வரி. எடை 80 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், இடது முழங்கால் அவ்வப்போது முறைத்துக்கொள்ளும். வேகப் பைத்தியம் கிடையாது. வளைவு சுத்தமாக விழுந்ததா என்று, சரிவின் உச்சிக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்டில் போகும்போது என் தடத்தையே எட்டிப் பார்க்கிற ரகம். என்னைவிட 20 கிலோ குறைந்தவருக்கு இதே ஸ்கீ இன்னும் விறைப்பாகத் தெரியும்.

இரவில் இயந்திரம் ஓட்டி வரி வரியாகச் சமப்படுத்திய சரிவில், காலையில் கூட்டம் வருவதற்குள் இறங்கிப் பாருங்கள். இந்த ஸ்கீ பிறந்ததே அதற்குத்தான். கணுக்காலை லேசாகச் சாய்த்தால் போதும், நுனி பிடித்துவிடும். வளைவுக்குள் நாம் ஸ்கீயைத் தள்ள வேண்டியதில்லை, அதுவே நம்மை இழுத்துக்கொண்டு போகும். அகலமான நுனியும் வாலும் பனியில் ஊன்ற, ஒல்லியான நடுப்பகுதி முதலில் அந்தரத்தில் நிற்கிறது. உடல் எடை அதை அமுக்கியதும் ஸ்கீ வில்லாக வளைகிறது. வளைந்த விளிம்பு காட்டும் வழியிலேயே நாம் போகிறோம். சாய்க்கச் சாய்க்க வளைவு இறுகும். எழுதியிருக்கும் 13 மீட்டர், ஸ்கீ தட்டையாகக் கிடக்கும்போது உள்ள கணக்கு. 60 டிகிரி சாய்த்தால் அதில் பாதி, ஆறரை மீட்டர்தான். திரும்பிப் பார்த்தால் பென்சிலால் போட்ட மாதிரி இரண்டே கோடுகள்.

கார்விங் ஸ்கீ வருவதற்கு முன்பு இருந்த நேர் ஸ்கீக்களில் பக்கவாட்டு வெட்டின் ஆழம் (நுனியையும் வாலையும்விட இடுப்பு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்ற அளவு) 7 மில்லிமீட்டர் அளவில்தான் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்சிஎக்ஸ் என்ற மாடலில் அதை மூன்று மடங்காக்கியபோது பலருக்கும் அது விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரிந்திருக்கும். என் ஜோடியில் அந்த ஆழம் 23 மில்லிமீட்டர். இன்றைக்கு யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்தப் பனியில் ஒரே ஒரு குறை உண்டு. நேராக விட்டால் இந்த ஸ்கீக்குப் பிடிக்காது. லிஃப்டை நோக்கிப் போகும் தட்டையான பாதையில் இரண்டு நுனியும் துறுதுறுவென்று அங்கும் இங்கும் வழி தேடும். ஏதாவது ஒரு விளிம்பில் ஒரு துளி சாய்வு வைத்துக்கொண்டே போனால் அடங்கிவிடும்.

அடுத்து, சாம்பல் நிறத்தில் பளபளக்கும் இறுகிய பனி. செயற்கைப் பனி கொட்டிய சரிவுகள் இந்த நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும், அந்தத் துகள்கள் உருண்டையாக, நெருக்கமாகப் படிவதால். இங்கே நுனி நம்பும்படிதான் பிடிக்கிறது. சந்தேகம் வருவது பூட்ஸுக்கு அடியில். இடுப்பு அகலமாக ஆக, விளிம்பு காலின் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போகிறது. அப்போது ஸ்கீயைச் சாய்த்தபடியே பிடித்து வைக்க முழங்கால் கூடுதலாகப் பாடுபட வேண்டும். 66, 68 இடுப்புள்ள ஸ்லாலம் ஸ்கீயில் (குறுகிய வளைவுப் பந்தயத்துக்கானது) இந்தத் தொல்லை தெரியாது. 76-இல் நாளின் கடைசியில் என் இடது முழங்கால் ஞாபகப்படுத்தும். உள்ளே இரண்டு அடுக்கு டைட்டனால் வைத்திருப்பதால் (பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைக்க வேண்டாம், அது அலுமினியக் கலவை) அதிர்வு நன்றாகவே அடங்குகிறது. பக்க விளிம்பை 88 டிகிரியிலிருந்து 87-க்குத் தீட்டிய பிறகு பிடி இன்னும் கூடியது. ஆனால் எடையைக் குதிகாலில் போட்டுச் சோம்பலாக நின்றால் நுனி தடதடவென்று ஆடி, வால் வழுக்கிக்கொண்டு போகும். கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், சலுகையே கிடையாது.

சரி, இனிதான் வம்பு. மதியம் ஆகிவிட்டது, நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கியாயிற்று. வரிகள் எல்லாம் போய், சரிவு முழுக்க முழங்கால் அளவு பனிக்குவியல்கள், நடுவில் வழுக்கும் திட்டுகள். காலையில் சாதகமாக இருந்த அதே அகலம் இப்போது காலை வாருகிறது. குவியலில் முதலில் மோதுவது நுனி. அது பூட்ஸிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே விழும் சின்ன இடிகூட நெம்புகோல் கணக்காகக் காலைத் திருப்பிவிடும். இன்னும் மோசம், நுனியின் ஒரு பக்கம் மட்டும் குவியலில் ஏறும்போது. விளிம்பு சடாரென்று பிடித்து, ஒரு ஸ்கீ தன்னிஷ்டத்துக்கு வளைவு போடத் தொடங்கும், இன்னொன்று நேராகப் போய்க்கொண்டிருக்கும். கால்கள் அகன்று போகிற அந்த அரை நொடியில் தொடை படும் பாடு இருக்கிறதே!

கனமான ஸ்கீ என்பது இங்கே கொஞ்சம் ஆறுதல். மோதித் துள்ளாமல் குவியலைப் பிளந்துகொண்டு போகிறது. நுனி சற்றே மேல்நோக்கி எழும் ராக்கர் இருப்பதும் உதவுகிறது, இல்லாதவற்றில் இந்தப் பிடிவாதம் இன்னும் அதிகம். ஓட்டும் விதத்தையும் மாற்ற வேண்டும்: காலை மாதிரி ஆழமாகச் சாய்க்காமல், இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து, கால்களைக் கொஞ்சம் நெருக்கமாக வைத்து, வளைவைச் சறுக்கிச் சறுக்கியே முடிக்க வேண்டும். கார்விங் ஸ்கீ வாங்கிவிட்டு கார்வ் செய்யாமல் இறங்குவது கடுப்பாகத்தான் இருக்கும்.

புதுப்பனி பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது: நுனி அகலமாக இருந்தால் மிதக்கும் என்று. கணுக்கால் வரை பனி இருந்தால் அது சரிதான், மெத்தென்று சந்தோஷமாகப் போகலாம். அதற்கு மேல் போனால் கதை வேறு. ஆழப்பனிக்கென்று செய்த ஸ்கீக்களின் நுனியும் 135, 140 என்றுதான் இருக்கும், என்னுடையதைவிடப் பெரிதாக அதிகம் இல்லை. ஆனால் அவற்றின் இடுப்பு 110-ஐத் தாண்டும். வித்தியாசம் 30-க்குள் அடங்கிவிடும். என் ஸ்கீயில் நுனி மிதக்க, பூட்ஸுக்கு அடியில் இருக்கும் ஒல்லியான பகுதி அமிழ்கிறது. கொஞ்சம் சாய்த்தாலும் நுனி கொக்கி போட்டு இழுக்கிறது. ஆழப்பனிக்கு இதை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

வசந்தகாலப் பனி ஒரே நாளில் இரண்டு முகம் காட்டும். இரவில் உறைந்த பரப்பு வெயில் பட்டு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும் நேரம் இருக்கிறதே, அப்போது இந்த ஸ்கீக்கு நிகர் கிடையாது. முதல் காலைச் சரிவைவிட அதுவே எனக்குப் பிடிக்கும், விளிம்பு இறங்குகிற ஆழம் பாதத்தில் தெரியும். அப்புறம் சகதியாகிவிட்டால், அகல நுனி ஈரப்பனியை முன்னால் குவித்துத் தள்ளும், அடிப்பக்கம் உறிஞ்சிப் பிடிக்கும். வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு போட்டால் உறிஞ்சுவது குறையும், குவிப்பது குறையாது. 114 மில்லிமீட்டர் வாலும் வளைவின் முடிவில் லேசில் விட்டுக்கொடுக்காது. களைத்த காலோடு இதில் நிற்பது முழங்காலுக்கு நல்லதல்ல, நான் அந்த நேரத்தில் இறங்கிவிடுவேன். மேடும் பள்ளமுமான மோகல் சரிவுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம்.

நாள் முழுக்க ஒரே ஜோடியில் ஓட்டுபவர் என்றால் வித்தியாசம் 45 பக்கம் உள்ளதைத் தேடுங்கள். காலையில் கொஞ்சம் சுவை குறையும், மதியம் பிழைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இந்த வகையை வாங்கியிருந்தால், நுனியின் மிக அகலமான இடத்துக்கும் முன்னால் இருக்கும் சில சென்டிமீட்டர் விளிம்பை மட்டும் ரப்பர் கல்லால் லேசாக மழுக்குங்கள். குவியலில் அந்தச் சடார்ப் பிடி குறையும். இரண்டு மூன்று இழுப்பு போதும். அதற்குக் கீழே கல் இறங்கிவிட்டால் காலையில் நுனி தாமதமாகத்தான் பிடிக்கும், மறுபடி தீட்டுகிற வேலை வந்து சேரும்.