ஓன் போர்டு வண்டியில் குழந்தையோடு மலை இறங்காதீர்கள்: பேப்பூர் பயணத்தில் எங்களுக்கு நேர்ந்தது

குன்னூர், ஊட்டி பக்கம் வாடகை வண்டி பேசி கேரளத்துக்குப் போகத் திட்டமிடுபவர்கள், அதிலும் தத்தெடுப்பு நடைமுறையின் நடுவில் குழந்தையோடு இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஜெர்மனியில் வசிக்கும் என் தங்கையும் அவள் கணவரும் மூன்றரை வயதுப் பையன் ஒருவனைத் தத்தெடுப்பதற்காக ஆறு வாரமாகக் குன்னூரில் என் வீட்டில் தங்கியிருந்தார்கள். 'காரா' எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் தடையின்மைச் சான்று வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணைக்காகக் காத்திருந்தார்கள். (2022 செப்டம்பர் 1 முதல் இந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆட்சியரே பிறப்பிக்கிறார்.) இந்த இடைக்காலத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை இந்தியாவுக்குள் தங்களோடு வைத்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் பெற்றோர் ஆகவில்லை. அதனால் எங்கே போனாலும் என் தங்கை ஒரு நீலநிறக் கோப்பைக் கைவிடாமல் தூக்கிக்கொண்டு போனாள்.

பையனின் போர்வையில் ஒரு கப்பல் படம் இருந்தது. கப்பல் ராத்திரியில் எங்கே தூங்கும் என்று அவன் தினமும் கேட்டுக்கொண்டிருந்ததால், உரு என்னும் மரக்கப்பல்களைக் கட்டுகிற பேப்பூருக்கு ஒரு நாள் கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்தோம். கோழிக்கோட்டுக்குத் தெற்கே, சாலியாறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கும் துறைமுக ஊர் அது. தத்து நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, சரி என்ற பதிலையும் வாங்கிக்கொண்டோம்.

வண்டிக்கு ஊட்டியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் பேசினோம். மஞ்சள் போர்டு இன்னோவா, டிரைவர் பேட்டா, கேரள வரி, மதியச் சாப்பாடு, பேப்பூரில் படகுச் சவாரி எல்லாம் சேர்த்து 13,500 ரூபாய் என்றார்கள். 8,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். அந்த எண் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. ரசீது கேட்டபோது, வண்டி வரும்போது டிரைவர் தருவார் என்றார்கள். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

விடியற்காலை நாலரை மணிக்கு, பனிமூட்டத்தில், வாசலில் வந்து நின்றது வேறொரு பழைய கார். பெட்டிகளை ஏற்றிய அவசரத்தில் நம்பர் பிளேட்டை யாரும் பார்க்கவில்லை. கூடலூரில் தேநீருக்கு இறங்கியபோதுதான் அது வெள்ளைப் பலகை, அதாவது வாடகைக்கு ஓட்டக்கூடாத ஓன் போர்டு வண்டி என்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு, "பெரிய வண்டி ரிப்பேருக்கா, இது முதலாளியோட சொந்த வண்டிதான், ஒண்ணும் ஆகாது" என்றார் டிரைவர். திரும்பிவிடலாம் என்றேன். பையன் விழித்துக்கொண்டு கடல் வந்துவிட்டதா என்று கேட்கவும், என் தங்கை என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கிப் போனேன்.

நாடுகாணி தாண்டி மலை இறங்குகையில் டிரைவர் பையனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "யாராச்சும் கேட்டா நான் உன் மாமான்னு சொல்லணும், சரியா?" என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். எங்களிடமும், சோதனைச் சாவடியில் கேட்டால் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். பணம் போனதைவிட எனக்கு இதுதான் இன்றுவரை ஆறவில்லை. பிறந்ததில் இருந்து கை மாறி வந்த குழந்தை அவன். யார் யார் தனக்கு என்ன உறவு என்பதை அந்த ஆறு வாரமாகத்தான் ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டிருந்தான். அவன் வாயில் ஒரு பொய் உறவை வைக்க இவருக்கு என்ன உரிமை?

கேரள எல்லையில் உள்ள வழிக்கடவுச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். குடும்பம் என்று டிரைவர் சொன்னார். அதிகாரி குனிந்து பையனிடம் பேச்சுக் கொடுக்க, அவன் டிரைவரைக் காட்டி "மாமா" என்றான். அடுத்து என் தங்கையைக் காட்டி இது யார் என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிகாரியின் முகம் மாறியதைப் பார்த்தேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பதி, அவர்களை யார் என்று சொல்லாத குழந்தை, உறவுக்காரன் என்று பொய் சொல்லும் ஓட்டுநர்: எந்த அதிகாரியாக இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார், சந்தேகப்படத்தான் வேண்டும். என் தங்கை கோப்பை எடுத்து, இவர் எங்களுக்கு உறவில்லை, வாடகைக்கு வந்தவர் என்று முதல் வார்த்தையிலேயே உண்மையைச் சொன்னாள். தடையின்மைச் சான்றையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் படித்து, தத்து நிறுவனத்தின் சமூகப் பணியாளரோடு தொலைபேசியில் பேசி, நாற்பது நிமிடம் கழித்து எங்களைக் கண்ணியமாகவே அனுப்பினார்கள். டிரைவருக்குச் சலான் எழுதப்பட்டது. அந்த நாற்பது நிமிடமும் என் தங்கையின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பேப்பூரில் 'படகுச் சவாரி' என்று எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், ஊர்மக்கள் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள சாலியத்துக்குப் போய்வரும் ஜங்கார் (ஆள்களையும் வண்டிகளையும் ஏற்றும் படகு) துறை. சில்லறைக் காசில் போகிற பொதுப் படகை எங்கள் பேக்கேஜ் கணக்கில் தலைக்கு 600 ரூபாய் என்று சேர்த்திருந்தார்கள். சாப்பாட்டுக்குக் கைக்காசுதான் கொடுத்தோம். ஆற்றங்கரையில் பாதி கட்டிய உரு ஒன்றைப் பார்த்தது மட்டும் நிறைவாக இருந்தது. ஒரு பெரியவர் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் தட்டித் தட்டி அடைத்துக்கொண்டிருக்க, பையன் அந்த மரத்தில் கன்னத்தை வைத்து, தூங்குது என்றான்.

மூன்று மணிக்கு டிரைவர், சலான் தொகை 5,000 ரூபாயை நாங்கள் தந்தால்தான் வண்டி எடுப்பேன் என்றார். மீதிப் பணமும் தரமாட்டோம், உங்கள் வண்டியும் வேண்டாம் என்று இறங்கிவிட்டோம். கோழிக்கோட்டில் மஞ்சள் போர்டு டாக்சி ஒன்றை 7,000 ரூபாய்க்குப் பேசினோம். அந்த ஓட்டுநர் நாங்கள் கேட்காமலேயே பர்மிட்டைக் காட்டினார். நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் கட்டாயமான இ-பாஸையும் கைபேசியிலேயே எடுத்துக்கொண்டார். நள்ளிரவு தாண்டி வீடு சேர்ந்தோம்.

மறுநாள் டிராவல்ஸ்காரர் அழைத்தது மன்னிப்புக் கேட்க அல்ல. கலெக்டர் ஆபீஸில் தனக்கு ஆள் இருப்பதாகவும், 20,000 ரூபாய் கொடுத்தால் தத்து ஆணையைச் சீக்கிரம் வாங்கித் தருவதாகவும் சொன்னார். டிரைவர் வழியாக எங்கள் நிலைமை அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்படிப் பேசுபவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேச்சு வளர்க்காதீர்கள். வெளிநாட்டுத் தத்துக்கு நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியது விதிகளில் குறித்துள்ள 5,000 டாலர் கட்டணம். அதற்கும் ரசீது உண்டு. ஆணைக்குத் தரகு கொடுத்தது தெரிந்தால் தத்தெடுப்புக்கே ஆபத்து.

வண்டி எடுக்கும்போது நம்பரை முன்கூட்டியே வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். அது வாடகை வண்டியா, சொந்த வண்டியா என்பது அதிலேயே தெரியும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் விதிமீறல். 192ஏ பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கவும் இது காரணமாகிவிடும். தத்துக் குழந்தையோடு போகிறவர்கள் மூலச் சான்றுகளை வீட்டில் வைத்துவிட்டு நகல்களையும், நிறுவனப் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணையும் கையில் வையுங்கள். யார் சொல்லிக் கொடுத்தாலும் அதிகாரியிடம் உறவு மாற்றிச் சொல்லாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 8,000 ரூபாயில் இதுவரை 2,000 திரும்பி வந்திருக்கிறது.

போன ஞாயிறு காலை ஊட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அதே காரைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் போய் நம்பர் பிளேட்டைக் காட்டினேன். "முழுப் பணமும் கட்டிட்டோமேக்கா" என்றார்.