ஜிம்னியில் இரண்டு அளவு டயர்கள்: பெங்களூரிலிருந்து 33,000 கிலோமீட்டர் அனுபவம்

2024 ஜனவரியில் மாருதி சுசூகி ஜிம்னியின் மேனுவல் கியர் வண்டியை வாங்கினேன். வாரநாட்களில் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு அலுவலகப் பயணம். மாதம் இரண்டு முறை ஓசூர், தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு அருகிலுள்ள மாமாவின் தோட்டம். மழைக்காலத்தில் ஓரிரு முறை சக்லேஷ்பூர் பக்கத்துக் காப்பித் தோட்டப் பாதைகள். வண்டியோடு வந்த 195/80 ஆர்15 டயர்கள் தார்ச்சாலைக்கென்று செய்யப்பட்டவை. நகரத்தில் அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தோட்டத்துச் செம்மண் தடத்தில் மழை பெய்த மறுநாளே பிடிமானம் போய்விடும், பக்கச்சுவரும் மெல்லியது. 6,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் மாற்ற முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு அளவுகளைப் பயன்படுத்திவிட்டேன். முதலில் எடுத்த 235/75 ஆர்15, 2,300 கிலோமீட்டரில் கழற்றப்பட்டது. இரண்டாவதாக எடுத்த 215/75 ஆர்15 இப்போது 31,000 கிலோமீட்டரைக் கடந்து வண்டியில் இருக்கிறது.

டயர் மாற்ற நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். டயரில் எழுதியிருக்கும் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 195-இல் 80 விழுக்காடு 156 மி.மீ. அது மேலும் கீழும் இருப்பதால் 312. 15 அங்குல ரிம் 381 மி.மீ.; மொத்த விட்டம் 693 மி.மீ. இதே முறையில் 215/75-க்கு 703.5 மி.மீ., 235/75-க்கு 733.5 மி.மீ. வருகிறது. அதாவது மூல அளவைவிட 215/75 அளவு 1.5 விழுக்காடும், 235/75 அளவு 5.8 விழுக்காடும் பெரியவை. தரையிலிருந்து வண்டி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான்: 215-இல் வெறும் 5 மி.மீ., 235-இல் 20 மி.மீ.

அந்த 20 மி.மீ.தான் என்னை 235 பக்கம் இழுத்தது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் திடமான ஒற்றை அச்சு. வண்டியின் அடியில் மிகத் தாழ்வாக இருப்பது அச்சின் நடுவே, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினால் உடல்தான் உயருமே தவிர அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த நடைமுறையில் பெரிய டயர்தான் வழி. இந்த வாதம் சரியானது. ஆனால் அதை மட்டுமே பார்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நான் கவனிக்காமல் விட்டதுதான் தவறு.

235 பொருத்திய மூன்றாம் நாள், எங்கள் குடியிருப்பின் அடித்தள வண்டி நிறுத்தத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பியபோது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. கீழே குனிந்து கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். முன் அச்சைச் சட்டகத்தோடு பிணைக்கும் இரும்புக் கையில் கறுப்புப் பூச்சு உரிந்து, கட்டைவிரல் அகலத்துக்கு உலோகம் பளபளத்தது. அதன் ஓரத்தில் பென்சில் சீவல் போல ரப்பர்த் துகள்கள் ஒட்டியிருந்தன. டயரின் தோள், அதாவது தரைமுகமும் பக்கச்சுவரும் சேரும் ஓரம், ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் அந்தக் கையை உரசிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அஞ்செட்டியில் ஒரு வாய்க்கால் கரையைக் குறுக்காகக் கடந்தபோது முன் பம்பரின் உட்புற பிளாஸ்டிக்கும் இடித்தது.

விற்ற கடையில் கேட்டதற்கு, ஸ்டீயரிங் திருப்பத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிடலாம் என்றார்கள். திருப்பம் குறைந்தால் கொண்டை ஊசி வளைவிலும் பெங்களூரின் சந்துகளிலும் கூடுதலாக ஒருமுறை பின்னுக்கு எடுக்க வேண்டிவரும். எனக்கு அது சம்மதமில்லை. அதைவிடப் பெரிய விஷயத்தைப் பிறகு ஜே.சி. ரோட்டில் வேறொரு கடையில்தான் தெரிந்துகொண்டேன். ஜிம்னியின் ரிம் அகலம் ஐந்தரை அங்குலம். 235/75 ஆர்15 டயருக்குக் குறைந்தது ஆறு அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால் பக்கச்சுவர் உள்பக்கம் வளைந்து, தரையைத் தொடும் பரப்பு நடுவில் உப்பும். 215/75 ஆர்15-க்கு ஐந்தரை அங்குலம் அனுமதிக்கப்பட்ட அளவே. முதல் கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜே.சி. ரோட்டுக் கடையில் பொருத்தும் வேலை பார்த்த பெரியவர் ஸ்ரீராமபுரத்துக்காரர். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, ஒரு சக்கரத்தைக் கல்லு மேல ஏத்திப் பாத்தீங்களா? சமதரையில நேரா நிக்கிறப்ப எந்த டயரும் இடிக்காது." 215-ஐப் பொருத்தியதும் அவரே ஒரு முன்சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றச் சொல்லி, இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கையை விட்டு இடைவெளியைத் தடவிப் பார்த்தார். எங்கும் உரசவில்லை; இந்த 31,000 கிலோமீட்டரிலும் உரசியதில்லை.

எடை இன்னொரு முக்கியமான செய்தி. கடைத் தராசில் பழைய சக்கரத்தைவிட 215 சுமார் இரண்டு கிலோவும், 235 நான்கு கிலோவுக்கு மேலும் கூடுதலாக இருந்தன. இது கூரையில் வைக்கும் சுமையைப் போன்றதல்ல. சுழலும் எடை, அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 134 நியூட்டன் மீட்டர் திருப்பு விசைதான். 235-இல் தேன்கனிக்கோட்டை ஏற்றங்களில் நான்காவது கியரில் போன இடங்களில் மூன்றாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. சில்க் போர்டு நெரிசலில் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கிளட்சின் உழைப்பு காலிலேயே தெரிந்தது. பிரேக்கும் கொஞ்சம் தாமதித்துப் பிடிப்பதாக உணர்ந்தேன். 215-இல் எஞ்சினின் சுறுசுறுப்பு முன்பைவிட ஒரு துளி குறைந்திருக்கிறது. இரண்டு நாளில் பழகிவிட்டது.

மைலேஜைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்; ஆனால் ஓடோமீட்டர் பழைய அளவை வைத்தே எண்ணும். ஆகவே மீட்டர் காட்டும் மைலேஜ் உண்மையைவிடக் குறைவு. 235-இல் லிட்டருக்கு 11.6 என்று வந்ததைத் திருத்தினால் 12.3 ஆகிறது. 215-இல் 13.2 என்பது 13.4. மூல டயரில் எனக்குக் கிடைத்தது 14.2. வேகமானியும் இப்படியே மாறும். மூல டயரில் முள் 100 காட்டும்போது கைபேசிச் செயலி 95 என்றது. 215-இல் 96, 97. 235-இல் 100-ஐத் தாண்டிவிட்டது, அதாவது தொழிற்சாலையில் பாதுகாப்புக்காகக் கூட்டிக் காட்டும் அளவு முழுவதும் கரைந்துபோனது.

215-இல் நான் எடுத்தது யோகோஹாமாவின் ஜியோலேண்டர் ஏ/டி ஜி015; ஏ/டி என்பது தார்ச்சாலைக்கும் மண்தடத்துக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை. சுமைக் குறியீடு 100, அதாவது ஒரு டயர் 800 கிலோ தாங்கும். பழையதன் குறியீடு 96, 710 கிலோ. சுமையைப் பொறுத்தவரை, புதிய டயரின் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. 215/75 ஆர்15-ஐத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம், அது பொலேரோவின் அளவு. கிருஷ்ணகிரியிலோ கொள்ளேகாலிலோ டயர் கிழிந்தால் அதே அளவில் ஒன்றை அன்றைக்கே வாங்கிவிடலாம்.

காற்றழுத்தத்தைக் கடைக்காரர்கள் வழக்கம்போல 32 பி.எஸ்.ஐ.-க்கு நிரப்பி அனுப்பினார்கள். சாக்பீஸால் டயரின் அகலம் முழுக்க ஒரு கோடு போட்டு, நேராக இருபது அடி ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்து, இரு ஓரமும் வெள்ளையாகவே நின்றது. இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டே வந்ததில், 28-இல் கோடு ஓரம்வரை சீராக அழிந்தது. என் வண்டிக்கும் என் சுமைக்கும் அதுதான் சரி. உங்களுடையதற்கு, கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையிலிருந்து தொடங்கி இதேபோல் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்துத் தடத்தில் 18-க்கு இறக்கி மெதுவாகப் போவேன். அதற்கும் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு. திரும்பத் தார்ச்சாலை ஏறும் முன் காற்றடிக்கக் கையடக்க கம்ப்ரசர் கட்டாயம் வேண்டும். 5 மி.மீ. உயரத்தில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. டயர் முகப்பின் கரடான ரப்பர்ப் பட்டைகளும் கனமான பக்கச்சுவரும் இந்தக் காற்றிறக்கமும் சேர்ந்துதான், ஐப்பசி மழையில் மூன்று முறை மாட்டிக்கொண்ட அதே செம்மண் ஏற்றத்தில் இப்போது என்னை ஏற்றிவிடுகின்றன. சக்லேஷ்பூரின் ஆழமான சேற்றில் பட்டைகளுக்கிடையே மண் அப்பிக்கொண்டு இதுவும் வழுக்கத்தான் செய்கிறது.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகவே வாங்குங்கள். ஜிம்னியின் நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன; ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் இருந்தால் அந்தப் பொறியமைப்பு முழுவதும் இறுகும். பொருத்துக்கூலியோடு ஐந்துக்கும் 45,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் இடம் மாற்றுகிறேன். ஒருமுறை அதை 3,000 கிலோமீட்டர் தள்ளிப்போட்டதில் முன் டயர்களின் பட்டைகள் ரம்பப் பல் போலத் தேய்ந்து, மேம்பாலத்தில் 70 வேகத்தில் உறுமல் கேட்கத் தொடங்கியது; பின்னால் மாற்றியபின் மெல்ல அடங்கியது. மற்றபடி 60-க்கு மேல் ஒரு மெல்லிய ரீங்காரம் எப்போதும் உண்டு. ஈரத் தார்ச்சாலையில் பழைய டயரின் பிடி இதற்கு இல்லை. மழையில் முன்வண்டியோடு கூடுதல் இடைவெளி விடுகிறேன்.

மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையை வைத்திருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. இதை அலட்சியமாக விடுவது நல்லதல்ல.

புதிதில் 9 மி.மீ. இருந்த பட்டை ஆழம் இப்போது ஐந்து டயரிலும் ஏறக்குறைய 5.5. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம் என்றாலும், மழைப் பிடிமானத்துக்காக நான் 3 மி.மீ.-இல் மாற்றிவிடுவேன், இந்தத் தேய்மானத்தில் இன்னும் 22,000 கிலோமீட்டர் வரும். அப்போதும் இதே 215/75 ஆர்15-ஐத்தான் வாங்குவேன்.