டேஸ் கான்: டேங்க் சின்னதாக இருக்கும்வரை

2019 ஏப்ரல் 26-ல் பிஎஸ்4-க்கு வந்தபோது, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் டேஸ் கான் கேம் வாங்கியது நூற்றுக்கு 71. 2021 மே மாதம் பிசிக்கு வந்தது, 2025 ஏப்ரலில் பிஎஸ்5 ரீமாஸ்டர். ஒவ்வொரு முறை வரும்போதும் அதே பஞ்சாயத்து: "இதுக்குப் போய் 71-ஆ" என்று ஒரு கூட்டம், "இதுவே அதிகம்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். நன்றாக இருக்கும் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது, அதை எப்படிச் சீக்கிரம் எட்டுவது என்று பார்க்கலாம்.

முதலில் பைக். ஓரிகான் மாநிலத்துக் காடு, மலை, பாழடைந்த நெடுஞ்சாலை. நோய் பரவி இரண்டு வருடம் ஆகிவிட்டது. நாயகன் டீக்கன் செயின்ட் ஜானிடம் இருப்பது ஒரு ஓட்டை பைக். ஆரம்ப டேங்க் மிகச் சின்னது. முறுக்கிக்கொண்டே போனால் பாதி வழியில் நின்றுவிடும். நின்ற இடத்தில் கேன் தேடி நடக்க வேண்டும், அதுவும் இருட்டில். இந்த கேமின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சாலையோரம் டோ டிரக் நின்றால் முதலில் அதன் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் கேன் இருக்கும். பெட்ரோல் பங்க் என்றால் வண்டியை நேரே பம்ப் பக்கத்தில் விட்டு நிரப்பலாம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு உருட்டினால் பெட்ரோல் இறங்காது, சத்தமும் வராது. நோயால் ஜோம்பி போல மாறிய ஃப்ரீக்கர் கும்பல் ஒன்றை அப்படிச் சத்தமில்லாமல் கடந்து போகிற அந்தப் பத்து விநாடிக்கு ஈடான காட்சி இந்தக் கதையிலேயே குறைவு.

பைக்கைச் சேவ் பாயின்ட்டாகவும் வைத்தது நல்ல யோசனை. படுக்கை கிடைக்காத இடத்தில் பைக் பக்கத்தில் நின்றால்தான் சேவ் ஆகும். அதனால் எங்கே நிறுத்துகிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறோம் என்பதெல்லாம் முடிவுகளாக மாறுகின்றன. ஃபாஸ்ட் டிராவலுக்கும் பெட்ரோல் செலவாகும். வழியில் ஃப்ரீக்கர் கூடுகள் எரிக்கப்படாமல் இருந்தால் அந்த வழியே அடைபட்டுக் கிடக்கும்.

உயிர் தப்பியவர்கள் வாழும் கேம்ப்புகளில் நம் மேல் நம்பிக்கை ஏற ஏற, பெரிய டேங்க், நல்ல இன்ஜின், நைட்ரோ எல்லாம் கிடைக்கும். டேங்கைப் பெரிதாக்கிய நாளோடு பெட்ரோல் கவலை போய்விடுகிறது, அதோடு இந்த கேமின் பாதி ருசியும் போய்விடுகிறது. பைக்கை நம்பித்தான் மொத்த வடிவமைப்பும் நிற்கிறது; அந்தப் பைக்கை அப்கிரேட் செய்யும்போதெல்லாம் அந்தத் தூணையே நாம் அறுக்கிறோம். ஸ்டுடியோ இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இதைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு: கோப்லேண்ட் கேம்ப்பில் கிரெடிட்டை முதலில் டேங்கில் கொட்டாதீர்கள். இன்ஜின், ஃபிரேம், அதன் பிறகு தோட்டா நிரப்பிக்கொள்ள உதவும் சேடல்பேக், கடைசியில் டேங்க். ஒரு கேம்ப் கிரெடிட் இன்னொரு கேம்ப்பில் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். கோப்லேண்டிடம் பைக் உதிரிகள், டக்கரின் ஹாட் ஸ்பிரிங்ஸில் ஆயுதங்கள்; கொன்ற ஃப்ரீக்கர்களிடம் வெட்டிய காதுகளைக் கொடுத்தால் கிரெடிட் கிடைக்கும், அவற்றை எந்தக் கேம்ப்பில் கொடுப்பது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நீரோ என்ற அரசு அமைப்பு கைவிட்டுப்போன செக்பாயின்ட்டுகளைத் தவிர்த்துவிட்டுக் கதையின் பின்னால் ஓடுகிறவர்கள்தான் பிறகு "ஸ்டாமினா பத்தலை" என்று புலம்புகிறார்கள். உள்ளே இருக்கும் ஊசி மருந்து உடல்நலம், ஸ்டாமினா (ஓடும் தெம்பு), ஃபோகஸ் (குறிபார்க்கும் நிதானம்) மூன்றில் ஒன்றை நிரந்தரமாகக் கூட்டும். ஆரம்பத்தில் கிடைப்பதை ஸ்டாமினாவுக்கே போடுங்கள், காரணம் பிறகு வருகிறது. செய்முறை எளிது, அவசரப்பட்டால்தான் கெடும். முதலில் கட்டடத்தைச் சுற்றி வந்து கூரையையும் கம்பங்களையும் பார்த்து ஸ்பீக்கர்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும் செயலிழக்கச் செய்த பிறகுதான் ஜெனரேட்டரில் கை வைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், மின்சாரம் வந்த நொடியில் அது அலற ஆரம்பிக்கும், சுற்றுவட்டாரமே வாசலில் வந்து நிற்கும். சில இடங்களில் ஃப்யூஸ் இல்லாமல் இருக்கும், அதையும் அங்கேயே பக்கத்தில் தேட வேண்டும்.

கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீக்கனுக்கும் அவன் பைக்கர் தோழன் பூசருக்கும் உள்ள நட்பு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, டீக்கனாக நடித்த சாம் விட்வரின் குரலும் உழைத்திருக்கிறது. ஆனால் மனைவி சாராவுடன் நடந்துபோகும் பழைய நினைவுக் காட்சிகள் இழுவை. நீரோ ஆட்களை ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கும் மிஷன்கள் அதைவிட மோசம்: சுட முடியாது, கண்ணில் பட்டால் மிஷன் காலி, மறுபடி முதலிலிருந்து. அதே வேலையைப் பலமுறை செய்யச் சொல்கிறார்கள். காப்பாற்றிய ஆட்களை எந்தக் கேம்ப்புக்கு அனுப்புவது என்று கேம் கேட்கும். பெரிய தார்மீகக் கேள்வி போலத் தெரியும், ஆனால் கதையில் அதனால் ஒரு இலைகூட அசையாது. பைக்கில் போகும்போது டீக்கன் ரேடியோவில் கத்திப் பேசுவதும், பதுங்கியிருக்கும்போது தனக்குத் தானே உரக்கப் பேசிக்கொள்வதும் பழகும்வரை சிரிப்பு வரும், பழகிய பிறகு எரிச்சல் வரும்.

மனித எதிரிகளும் சுமார்தான். மறைவிலிருந்து தலையை நீட்டுவார்கள், நாம் சுடக் காத்திருப்பார்கள். சாலையின் குறுக்கே கயிறு கட்டி பைக்கைச் சாய்ப்பதும், தூரத்திலிருந்து ஸ்னைப்பர் அடிப்பதும் மட்டும் தொந்தரவு தரும் வகையில் இருக்கிறது. ஆனாலும் இந்த எதிரிகள் தங்கும் ஆம்புஷ் கேம்ப்புகளைத் துடைத்தெடுப்பது லாபம். அடியில் இருக்கும் பங்கரில் புதிய பொருள் செய்யும் குறிப்பு கிடைக்கும், மேப்பும் திறக்கும்.

இனி ஹோர்டு, அதாவது ஃப்ரீக்கர்களின் பெருங்கூட்டம். இந்த கேமை இன்றுவரை பேசவைப்பது இது ஒன்றுதான். நூற்றுக்கணக்கான ஃப்ரீக்கர்கள் கரையுடைத்த வெள்ளம் மாதிரி சரிவில் இறங்கி, வேலியைத் தாண்டி, ஒருவர் மேல் ஒருவர் ஏறி, கூரை விளிம்பில் வழிந்து விழுவார்கள். பகலில் குகையில் அடைந்துகிடப்பார்கள், இரவில் தண்ணீருக்கும் தீனிக்கும் வெளியே வருவார்கள். ஆனால் ஹோர்டோடு நேருக்கு நேர் மோதச் சொல்லும் கட்டத்துக்குக் கதை வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் விளையாடுவதை நிறுத்தியிருப்பார்கள். கதைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சில டஜன் பேர் கொண்ட சின்ன ஹோர்டுகள் முன்பே மேப்பில் திரிகின்றன, அவற்றில் பழகலாம்.

லாஸ்ட் லேக் பகுதியின் பழைய மரஅறுவை ஆலைதான் உண்மையான பரீட்சை. ஏறத்தாழ 500 பேர். துப்பாக்கியை மட்டும் நம்பிப் போனால் தோட்டா முதலில் தீரும், பிறகு ஸ்டாமினா, பிறகு நாம். அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் சுடத் தெரியாமல் சாகவில்லை, ஓட முடியாமல் செத்தவர்கள். ஊசியை ஸ்டாமினாவுக்குப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

பகலில் போய் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சிவப்பு பேரல்கள் எங்கே, குறுகிய வாசல்கள் எங்கே, எந்தக் கட்டடத்துக்கு இரண்டு வழி இருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பைக்கை ஓடும் பாதையின் கடைசியில், வெளியே பார்த்தபடி நிறுத்தி சேவ் செய்யுங்கள். மோலடோவ் என்ற தீப்பாட்டில் நிறைய வேண்டும். கெரசின், துணி, காலி பாட்டில் மூன்றும் போதும் என்பதால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் கூட்டத்தின் நடுவில், சத்தம் போட்டு ஃப்ரீக்கர்களை இழுக்கும் அட்ராக்டர். குவிந்த குவியலில் வெடிகுண்டு. பிறகு ஓட்டம். குறுகிய வாசலுக்குள் நுழைந்து, பின்னால் திரும்பி வாசல்படியில் மோலடோவ், மறுபடி ஓட்டம். வாசலில் முட்டி மோதுகிறவர்கள் தீக்குள்ளேயே நிற்பார்கள். அடுத்த வாசலுக்குப் போகும் வழியில் கண்ணிவெடி. கூட்டத்தில் ஒரு பகுதி வாசலுக்கு வராமல் பக்கவாட்டில் சுற்றி வரும் என்பதுதான் இதில் பலர் ஏமாறும் இடம். ஒரே இடத்தில் மூன்றாவது மோலடோவ் வீச நின்றால் பின்னாலிருந்து பிடிப்பார்கள். ஸ்டாமினா கால்வாசிக்கு இறங்கும்போதே ஸ்டாமினா காக்டெயிலைக் குடித்துவிடுங்கள், தீர்ந்த பிறகு குடிக்க நேரம் கிடைக்காது.

பிஎஸ்4-ல் இதே காட்சியில் ஃபிரேம் ரேட் குறைந்து படம் தடுமாறும். வெளியான நேரத்தில் வசனம் பாதியில் வெட்டுவது, ஒலி முன்பின் ஆவது, காட்சிக்குக் காட்சி கறுப்புத் திரை எனக் குறைகள் வரிசைகட்டின. பேட்ச்களில் பெரும்பாலும் சரியானது, கறுப்புத் திரை மட்டும் வடிவமைப்பிலேயே இருப்பதால் அப்படியே இருக்கிறது. பிஎஸ்5-ல் பழைய டிஸ்க்கைப் போட்டாலே விநாடிக்கு 60 ஃபிரேம் கிடைக்கும்.

இரண்டாம் முறை விளையாடுகிறவர்கள் சர்வைவல் கடினநிலையில் தொடங்குங்கள். 2019 ஜூனில் இலவசமாகச் சேர்த்தது. ஃபாஸ்ட் டிராவல் இல்லை, மினிமேப் இல்லை. டேங்க் எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு மைலையும் ஓட்டியே தீர்க்க வேண்டும் என்பதால், அப்கிரேட்டில் தொலைந்த அந்தப் பயம் பெருமளவு திரும்பிவிடுகிறது. எந்தப் பங்க் எந்த வளைவுக்குப் பிறகு வரும் என்பதை மட்டும் முதல் முறையிலேயே மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.