குழவிக்கல் லென்ஸோடு எட்டு வருஷம்

2017 தீபாவளி போனஸும் முதிர்ந்த சீட்டுப் பணமும் சேர்ந்து, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நிக்கான் 200–500 எம்எம் எஃப் 5.6 ஜூம் லென்ஸாக வீட்டுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் அம்மா சொன்னது: "என்னடா, குழவிக்கல்லை வாங்கிட்டு வந்திருக்கே?" எடையிலும் வடிவத்திலும் இதைவிடச் சரியான விமர்சனத்தை இதுவரை நான் எங்கேயும் படிக்கவில்லை. ஸ்டாண்டில் மாட்டும் காலர் வளையத்தோடு 2,300 கிராம். பின்னால் மாட்டும் டி7500 கேமரா பாடி இன்னொரு 720 கிராம். மூன்று கிலோவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகரும் பொருளை விடாமல் துரத்த வேண்டும்.

பறவைக்காக வாங்குகிறவர்கள்தான் அதிகம். நான் வாங்கியது விமானத்துக்காக. நங்கநல்லூரில் வளர்ந்தவன். பழவந்தாங்கலுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் மின்சார ரயிலின் தலைக்கு மேலே சக்கரத்தை விரித்துக்கொண்டு விமானம் இறங்குவதைப் பார்த்தவனுக்கு வேறு பைத்தியம் பிடிக்க வழியில்லை. கணக்கெழுதும் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமரா. அந்த அளவில்தான் இந்த அனுபவத்தைப் படிக்க வேண்டும்.

முதல் கோடை முழுக்க இந்த லென்ஸை வாங்கியதற்கு வருந்தினேன். மே மாதம், பொழிச்சலூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடி, பகல் பன்னிரண்டரை. இருநூறு படம் எடுத்தேன், இருநூறும் கழுவாத கண்ணாடி வழியே பார்த்த மாதிரி. ஜன்னல் வரிசை நெளிகிறது, வாலில் இருக்கும் பதிவெண்ணைப் படிக்க முடியவில்லை. ஃபோகஸ் போய்விட்டது என்று முடிவு கட்டி, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, ஸ்டாண்டில் வைத்து நான்கு படம் எடுத்துக் காட்டினார். பொடி எழுத்து விளம்பரம்கூடத் துல்லியமாக இருந்தது. "லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. காத்தை எப்படி சார் சர்வீஸ் பண்றது?"

கானல்தான் காரணம். சூடான தரையிலிருந்து எழும் காற்று, அடர்த்தி மாறி மாறி ஒளியை வளைக்கிறது. 500 எம்எம்மில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதை இழுத்துப் பிடிக்கும்போது, நடுவில் இருக்கும் அத்தனை காற்றையும் சேர்த்தே இழுக்கிறோம். இரண்டு லட்ச ரூபாய் லென்ஸானாலும் இதற்கு மருந்து கிடையாது. காலை ஆறரையிலிருந்து எட்டரை, அல்லது மழை விட்ட மறுநாள். சென்னையில் எனக்குத் தேறிய படங்களில் முக்கால்வாசி இந்த நேரத்தில் எடுத்தவை. தூரத்து விமானத்தைக் கிட்டே கொண்டுவர 500 வாங்காதீர்கள். கிட்டே வரும் விமானத்தைப் பெரிதாக எடுக்க வாங்குங்கள்.

எனவே, எங்கே நிற்பது என்பதுதான் இந்த எட்டு வருஷப் படிப்பு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மேற்கிலிருந்து காற்று வீசும் காலையில் கிழக்கிலிருந்து, கிண்டி, ஆலந்தூர் மேலாக வரும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் பொழிச்சலூர், பம்மல் பக்கம் மாறிவிடும். பரங்கிமலை உச்சியில் நின்றால் இறங்கும் விமானம் ஏறத்தாழ நம் கண் மட்டத்துக்கு வரும். முதுகையும் இறக்கையையும் ஒருசேரப் பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து ஓடுபாதை தெற்கும் தென்மேற்குமாக இருக்கிறது. மார்கழியில் போனால் சூரியன் எதிரே நின்று கண்ணைக் குத்தும், விமானம் கரிக்கட்டையாகத் தெரியும். சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன்கூட வடக்கே நிற்கும். அந்த மாதங்களில்தான் மலையில் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

(விமான நிலையத்துக்குள்ளும் விமானப்படைத் தளங்களின் பக்கத்திலும் அனுமதியில்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். வெளியே சாலையோரம் நின்றாலும் இந்த லென்ஸ் ஆளைக் காட்டிக்கொடுக்கும். "என்ன சார் இது, பைனாகுலரா?" என்று ஒருநாள் ரோந்துக் காவலர் கேட்டார். அடையாள அட்டை, அதுவரை எடுத்த படங்கள் எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டு மாடியிலேர்ந்து எடுங்க சார்" என்று அனுப்பினார். அன்றிலிருந்து மொட்டை மாடிதான்.)

லென்ஸின் குணத்துக்கு வருகிறேன். ஜூம் வளையத்தை 200-லிருந்து 500 வரை கொண்டுபோக மணிக்கட்டை இரண்டு தடவை திருப்ப வேண்டும். நின்று நிதானமாக வரும் விமானத்துக்குப் பரவாயில்லை. தலைக்கு மேல் கடக்கும்போது பாதி வழியிலேயே கை தடுமாறி, வாலோ மூக்கோ வெட்டுப்படும். ஒளி நுழையும் துளையை (அபெர்ச்சர்) எஃப் 8-க்குச் சுருக்கினால் 500 முனையில் கூர்மை நன்றாக ஏறுகிறது. வெயிலில் எப்போதும் அங்கேதான் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச், ஃபோகஸை ஆறு மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடச் சொல்வது. அதைப் போட்ட பிறகு ஃபோகஸ் தொலைந்தாலும் சட்டென்று மீண்டு வருகிறது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆரில் ஸ்போர்ட் என்று ஒரு நிலை உண்டு. பேனிங் செய்யும்போது, அதாவது விமானத்தோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பும்போது, வியூஃபைண்டரில் படம் துள்ளாமல் இருப்பது அதில்தான்.

பேனிங் கற்றுக்கொடுத்தது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் 1/2000 விநாடி ஷட்டரில் சுட்டேன். ஜெட்டுக்குச் சரி. ஏடிஆரின் விசிறி அப்படியே உறைந்து, பொம்மைக்கடையில் நூலில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் அதுதானே. மேலெழும்போது விசிறி நிமிஷத்துக்கு 1,200 சுற்று, விநாடிக்கு 20. ஷட்டர் 1/125 என்றால் அது திறந்திருக்கும் நேரத்துக்குள் விசிறி 58 பாகை நகரும். இதழ்கள் ஆறு, இரண்டுக்கும் நடுவே 60 பாகை. ஆக, கிட்டத்தட்ட முழு வட்டம். ஆனால் 500 எம்எம்மை 1/125-ல் கையில் பிடித்து உடலை நடுங்காமல் வைப்பது வேறு கலை. முப்பது படத்தில் ஒன்று தேறும். அந்த ஒன்று வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

பயணங்களில் இந்த லென்ஸ் என்னைக் கவிழ்த்ததும் உண்டு. சிங்கப்பூரில் மச்சான் வீட்டுக்குப் போனபோது, சாங்கி கடற்கரைப் பூங்காவுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனேன். 72.7 மீட்டர் நீளமுள்ள ஏ380 தலைக்கு மேலே இறங்கி வருகிறது. என்னிடம் இருக்கும் மிகக் குறைந்த அளவே 200, டி7500-இன் சென்சாருக்கு அது 300-க்குச் சமம். ஒரு இன்ஜின்தான் படச் சட்டத்துக்குள் அடங்கியது. பக்கத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான், செல்போனில் முழு விமானத்தையும் எடுத்துக் காட்டினார். "இதுக்கா மாமா ஏழு கிலோ கேபின் லக்கேஜ்ல பாதியை அடைச்சீங்க?"

பெங்களூரு எலஹங்காவில் இது தன் விலையை மீட்டுக்கொடுத்தது. 2025 பிப்ரவரி ஏரோ இந்தியாவில் ரஷ்யாவின் சுகோய் 57-ம் அமெரிக்காவின் எஃப் 35-ம் என இரண்டு போர் விமானங்களும் ஒரே கண்காட்சிக்கு வந்திருந்தன. சுகோய் 57 வானில் நின்று திரும்பியபோது 500-ம் போதவில்லை, 200-ம் போதவில்லை, இரண்டுக்கும் நடுவே வளையத்தைத் திருகியபடியே இருந்தேன். அங்கே ஒன்றைக் கவனித்தேன்: தக்காண மாசிமாதக் காற்று வறண்டது, இறக்கை மேல் எழும் வெண்ணீராவி அதிகம் கிடைக்காது. மெரினாவில் 2024 அக்டோபர் 6-ஆம் தேதி விமானப்படை சாகச நிகழ்ச்சியில் ரஃபேல் திரும்பியபோது கடலோர ஈரத்தில் முதுகெல்லாம் புகை கிளம்பியது. படத்துக்கு அதுதான் அழகு. ஆனால் பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை, உச்சி வெயில். கூட்டத்தில் லென்ஸை நீட்டினால் முன்னால் நிற்பவரின் தலையில் இடிக்கும். விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஒன்பது விமானங்களையும் ஒரே சட்டத்தில் பிடித்தது ஒரே ஒரு தடவை. திரும்பும்போது கூட்டத்திலும் வெயிலிலும் நடந்தே வந்தேன். அன்று ஐந்து உயிர் போனதை மாலையில் கேட்ட பிறகு, அந்தப் படங்களைத் திறக்க ஒரு மாதம் ஆனது.

பராமரிப்பில் தப்பு என்னுடையது. 2021 ஊரடங்கில் பையோடு பீரோவில் வைத்து மறந்துபோனேன். ஜூலையில் எடுத்தால் உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை. சுத்தம் செய்யக் கொடுத்த காசில் ஒரு நல்ல டிரை கேபினெட்டே வாங்கியிருக்கலாம். பிறகு அதையும் வாங்கினேன். ஈரப்பதம் 45-ல் நிற்கிறது, பூஞ்சை திரும்பவில்லை. முன்பக்க ஃபில்டர் 95 எம்எம், விலை கேட்டாலே மயக்கம் வரும். நான் போடவே இல்லை, கூடவே வரும் ஹூட் போதும்.

இப்போது நிக்கானின் 180–600 லென்ஸ் வந்துவிட்டது. ஜூம் செய்தால் நீளாது, வளையமும் கால் திருப்பில் முடிந்துவிடுகிறது. கையில் வாங்கிப் பார்த்தேன், பொறாமைதான். ஆனால் அதற்கு பாடியையும் மாற்ற வேண்டும், மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. பழைய 200–500 இப்போது செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்கண்ணாடியைப் பாருங்கள். உங்களிடம் டி90 மாதிரிப் பழைய பாடி இருந்தால் விட்டுவிடுங்கள், இதன் மின்காந்த அபெர்ச்சர் அதற்குக் கட்டுப்படாது. என்னுடையதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. சித்திரை பிறக்கப்போகிறது, மலையில் வெயில் முதுகுப் பக்கம் திரும்ப இன்னும் சில வாரம்தான்.