அழகுக்கலை கோர்ஸ் முடித்ததும் எங்கே சேர்வது: பிராண்ட் சலூனா, ஸ்கின் கிளினிக்கா, ஆப் வேலையா, ஏரியா பார்லரா?

கோர்ஸ் முடித்து சர்டிபிகேட் வாங்கிய பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இந்தக் கேள்விதான். நான் கோவை வடவள்ளியில் ஓர் அக்காவின் லேடீஸ் பார்லரில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கி சொந்தமாகச் செய்துகொண்டிருப்பவள். அதனால் என் மனசு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு நல்ல ஏரியா பார்லர்தான் சரி.

சம்பள விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆரம்பத்தில் பிராண்ட் சலூனிலும் கிளினிக்கிலும்தான் கூடுதலாகக் கிடைக்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, 20 பேர் இருந்தால் பி.எஃப். உண்டு. மூன்று பேர் வேலை செய்யும் தெருமுனை பார்லரில் இரண்டும் இருக்காது. உங்களை நம்பி இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் மருந்து வாங்க வேண்டிய நிலைமை என்றால், நான் கீழே எழுதுவதை எல்லாம் விட்டுவிட்டு இ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் சேருங்கள், அதுதான் நியாயம்.

பிராண்ட் சலூனில் வேறு நல்லதும் இருக்கிறது. பயிற்சி தருவார்கள், விதவிதமான புராடக்ட் கையில் பழகும், சீனியர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். ஆனால் நேச்சுரல்ஸ் போன்றவை பெரும்பாலும் ஃப்ரான்சைஸ் கடைகள். போர்டு ஒன்று, கிளைக்குக் கிளை முதலாளி வேறு. அதனால் பெயரைப் பார்த்துச் சேராமல் அந்தக் கிளையில் வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள். டார்கெட் எவ்வளவு, க்ரீம் விற்றுத்தர வேண்டுமா, உட்கார நாற்காலி இருக்கிறதா (2021 சட்டத் திருத்தப்படி தமிழ்நாட்டுக் கடைகளில் இருக்கை வசதி கட்டாயம்), இதையெல்லாம் கேளுங்கள்.

சரி, நான் ஏன் ஏரியா பார்லரைச் சொல்கிறேன்? ஒரே காரணம்தான். போன மாதம் நீங்கள் கை வைத்த அதே முகம் இந்த மாதமும் உங்கள் முன்னால் வந்து உட்காரும்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் ஊர் நிறத்துத் தோலில் ஒரு தப்பு நடந்தால் அது அன்றைக்கே முழுசாகத் தெரியாது. பிளாக்ஹெட் எடுக்கும்போது அழுத்தம் கூடிவிட்டால் அந்த இடம் கொஞ்சம் சிவக்கும், ஐஸ் வைத்து அனுப்பிவிடுவோம், வாடிக்கையாளரும் சிரித்துக்கொண்டே போவார். கருந்தடம் விழுவது சில நாள், சில வாரம் கழித்துத்தான். அந்த முகத்தை மறுபடி பார்க்காதவருக்குத் தன் கை அழுத்தம் அதிகம் என்பதே வருடக்கணக்கில் தெரியாமல் போகும், யாரும் சொல்லவும் மாட்டார்கள், அந்த வாடிக்கையாளர் அடுத்த தடவை வேறு இடத்துக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். பெரிய சலூனில் அந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம் முகம் போகும். ஏரியா பார்லரில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை புருவம் எடுக்க வந்தே ஆக வேண்டும். அப்போது கன்னத்தையும் தாடையையும் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.

நான் வேலை பார்த்த பார்லரில் அக்கா ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார், ஆளுக்கு ஒரு பக்கம். எந்தத் தேதியில் என்ன ஃபேஷியல், எந்த ப்ளீச் எரிந்தது, எந்த வேக்ஸுக்குக் கொப்புளம் வந்தது, எல்லாம் அதில் இருக்கும். மேலுதட்டுக்கு வேக்ஸ் கேட்டு வருபவரிடம், "ராத்திரி முகத்துக்கு என்ன க்ரீம் போடறீங்க கண்ணு?" என்று கேட்பார். ஒண்ணுமில்லீங்க என்று பதில் வந்தால் விடமாட்டார், "மெடிக்கல்ல வாங்கினது ஏதாவது?" என்பார். அப்போதுதான் வெளுப்பதற்காகத் தடவிக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டு ட்யூப் ஹேண்ட்பேகிலிருந்து வெளியே வரும். அந்தத் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்திருக்கும். ப்ளீச்சும் கூடாது, பீலும் (தோலின் மேலடுக்கை உரித்தெடுப்பது) கூடாது, தோல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ரெட்டினால் வகை (வைட்டமின் ஏ) க்ரீம் போடுபவருக்கு வேக்ஸ் போட்டால் தோலே உரிந்து வரலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வேக்ஸ் செய்யக் கூடாது என்பதுதான் பொதுவான அறிவுரை. கோர்ஸில் இதெல்லாம் ஒரு வரியில் வந்து போகும். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கேட்கும் பழக்கம் நாக்கில் வரும். அக்காவின் நோட்டை நான் எடுத்து வரவில்லை, அவர் வாடிக்கையாளர்களையும் கூப்பிடவில்லை. சொந்தமாக ஆரம்பித்த முதல் நாளே எனக்கென்று ஒரு நோட்டு போட்டேன்.

கிளினிக் வேலை நான் செய்ததில்லை. கூடப் படித்த தோழி ஆர்.எஸ்.புரத்தில் செய்கிறாள், அவள் சொன்னதை வைத்தே எழுதுகிறேன். லேசர் முடி நீக்கத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு சிட்டிங் என்பதால் அங்கேயும் அதே ஆள் திரும்ப வருகிறார். மங்கு எது, பூஞ்சை எது, சாதாரணக் கருமை எது என்று பிரித்துப் பார்க்கும் கண் அவளுக்கு என்னைவிட நன்றாக வந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் டாக்டர். அந்த மெஷினும் டாக்டரும் இல்லாமல் அவள் வெளியே வந்து தனியாக எதையும் நடத்த முடியாது. த்ரெட்டிங், மசாஜ் கை விட்டுப்போகிறது என்று அவளே சொல்கிறாள். சொந்தக் கடை எண்ணம் இல்லாதவர்களுக்கு இதுவே நல்ல இடமாக இருக்கலாம்.

ஆப் வேலை, அதாவது ஆப்பில் புக் செய்தவர் வீட்டுக்கே போய்ச் செய்வது, புதியவர்களுக்கு வேண்டாம். வருமானம் வராது என்பதற்காகச் சொல்லவில்லை. கை தேர்ந்தவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆப் நிறுவனம் பிடித்துக்கொள்ளும் கமிஷன் பிரச்சினை தனி. 2021 அக்டோபரில் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண்கள் குருகிராமில் அதற்காகத்தான் போராடினார்கள், பிறகு கமிஷனைக் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. எனக்குக் கவலை வேறு: யார் வீட்டிலோ தனியாக நிற்கும்போது ஒரு முகம் திடீரென்று சிவந்தால், "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட ஆள் இல்லை.

கல்யாண மேக்கப்பை மட்டும் நம்பி இறங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, வாடகை மட்டும் வந்துவிடும்.

ஏரியா பார்லர் எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் பெருக்கவும் துண்டு துவைக்கவும் மட்டும் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஃபேஷியல் எப்போதிலிருந்து கையில் தருவார்கள் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். வேக்ஸ் எடுக்கும் கட்டையைத் தோலில் தடவிவிட்டுத் திரும்பவும் டப்பாவிலேயே விடுகிறார்களா, டப்பாவில் தேதி இருக்கிறதா, ஒருவருக்கு எடுத்த நூலை வீசிவிட்டுப் புது நூல் எடுக்கிறார்களா என்று பாருங்கள். இதையெல்லாம் பார்க்க சனிக்கிழமை சாயங்காலம் போங்கள்; செவ்வாயும் வெள்ளியும் புருவம் எடுக்கக் கூடாது என்று பலர் வரமாட்டார்கள், அன்றைக்கு எந்தக் கடையும் சுத்தமாகத்தான் தெரியும்.